மாண்டிசெல்லோவில் எதைப் பார்க்க வேண்டும்?

மரவேலைக்காரன் கண்ணால் சொல்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், சார்லட்ஸ்வில் அருகே குன்றின் மேல் இருக்கிறது மாண்டிசெல்லோ. அந்நாட்டின் மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் பெருந்தோட்ட வீடு அது. முன்கூடத்தில் நுழைந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பீரங்கிக் குண்டுகள்தான் அதன் எடைகள். அவை இறங்க இறங்க, சுவரில் குறித்திருக்கும் கிழமையைக் காட்டும். சுவரின் உயரம் போதவில்லை. சனிக்கிழமைக்காகத் தரையில் ஓட்டை போட்டு நிலவறைக்குள் இறக்கிவிட்டார்கள்! அளவெடுக்காமல் வேலை தொடங்கினால் இப்படித்தான்.

சாப்பாட்டு அறையில் கணப்பின் பக்கவாட்டைக் கவனியுங்கள். கீழிருந்து மது புட்டிகளை ஏற்றும் சின்ன லிஃப்ட் அங்கே ஒளிந்திருக்கிறது.

சாமான்களைத் தொடக் கூடாது. குனிந்து மரத்துண்டுகள் இணையும் மூட்டுகளைப் பார்க்கலாம். ‘எது இங்கேயே இருந்தது, எது பிற்பாடு வந்தது?’ என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். ஜெஃபர்சன் இறந்த பின், 1827-இல் கடனுக்காகப் பலவும் ஏலம் போயின. அடிமைகளாக வைத்திருந்த மனிதர்களையும் அப்போதே விற்றார்கள். இந்த வீட்டுக்கு மரச்சாமான்கள் செய்த ஜான் ஹெம்மிங்ஸும் அடிமையாக இருந்தவர்தான். ஜெஃபர்சனின் உயிலின்படி விடுதலை பெற்றார். அவர் வேலை செய்த பட்டறை, வீட்டுக்குப் பக்கத்தில் பட்டறைகளும் குடிசைகளும் வரிசையாக இருந்த மல்பெரி ரோவில் இருந்தது. வீட்டைப் பார்த்ததும் கிளம்பிவிடாமல் அங்கேயும் நடந்து பாருங்கள். அப்புறம், மாடிப்படி ரொம்பக் குறுகல். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.