ட்ரீட்டி 6-ஐப் பத்திரம் மாதிரி படிப்பது எப்படி

கனடாவில் குடியுரிமை வாங்கும்போது சொல்கிற உறுதிமொழியில் 2021-இல் ஒரு வரி கூடியது. பூர்வகுடிகளின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்கிறது அது. கையைத் தூக்கி அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து கொடியோடு ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறோம், எந்த ஒப்பந்தம் என்று யாராவது கேட்டால் முழிக்கிறோம்.

ஒப்பந்தம் என்றால், நிலத்தைப் பற்றிப் பூர்வகுடிகளோடு பிரிட்டிஷ் அரசியின் பெயரில் கனடா அரசு எழுதிக்கொண்டது. அவற்றுக்கு ட்ரீட்டி 1, 2 என்று எண் உண்டு. முதல் வேலை, நீங்கள் இருக்கும் ஊர் எந்த ஒப்பந்த நிலம் என்று தெரிந்துகொள்வது. வின்னிபெக் ட்ரீட்டி 1, ரெஜைனா 4, கால்கரி 7. சஸ்காட்டூனும் எட்மன்டனும் 6. இந்தப் புல்வெளி மாகாணங்களின் கதையை உறைவிடப் பள்ளிகளிலிருந்து, அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டை விட்டுப் பிரித்து வைத்த பள்ளிகளிலிருந்து, ஆரம்பிக்காதீர்கள் என்பேன். அங்கே ஆரம்பித்தால் பரிதாபம் மட்டும்தான் மிஞ்சும், யார் யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது பிடிபடாது. ஒப்பந்தத்திலிருந்து ஆரம்பியுங்கள், அதிலும் ட்ரீட்டி 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில பக்கங்கள்தான், கனடா அரசின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது. ஒரு மாலை போதும். அதில் வரும் ‘இந்தியர்’ நாம் இல்லை, பூர்வகுடிகள். அது அந்தக் காலத்துச் சட்டச் சொல், வாசிக்க மட்டும். இன்று யாரையும் அப்படிக் கூப்பிடக் கூடாது.

நிலப் பத்திரம் படித்துப் பழகியவர்களுக்கு இது சுலபம். நான்கு எல்லை சொல்லும் பகுதியைத் தாண்டிவிட்டு, யார் எதைக் கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன வாங்கினார்கள் என்று தேடுங்கள். கொடுத்தது சுமார் 1,21,000 சதுர மைல். கிடைத்தது ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல், தலைக்கு முதலில் 12 டாலர், பிறகு ஆண்டுதோறும் 5 டாலர், பயிர் செய்யும் குடும்பத்துக்கு நான்கு மண்வெட்டி, மூன்று குடும்பத்துக்கு ஒரு கலப்பை.

ஆனால் இந்தப் பத்திரத்துக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்று ஆங்கிலத்தில் எழுதியது, மற்றது 1876 ஆகஸ்டில் ஃபோர்ட் கார்ல்டனில் அங்குள்ள பூர்வகுடிகளான க்ரீ மக்களின் மொழியில் பேசிக் கேட்டது. நிலத்தை விற்கவில்லை, கலப்பை இறங்கும் ஆழம் வரை பகிர்ந்துகொள்ளத்தான் சம்மதித்தோம் என்பது க்ரீ மூத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது. பவுண்ட்மேக்கர் என்ற க்ரீ தலைவர் அங்கேயே எழுந்து, இது எங்கள் நிலம், வெட்டி எங்களுக்கே துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுக்க இதென்ன பெம்மிகனா என்று கேட்டார். பெம்மிகன் என்பது காய்ந்த காட்டெருமைக் கறியை இடித்துக் கொழுப்பில் பிசைந்து வைப்பது. அந்தக் காட்டெருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்தன, பெரியம்மை வந்து கூட்டம் கூட்டமாகக் கொன்று ஆறேழு வருஷம்தான் ஆகியிருந்தது. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான், முந்தைய ஒப்பந்தங்களில் இல்லாத இரண்டு விஷயங்களை க்ரீ தலைவர்கள் ஏன் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார்கள் என்று புரியும். கொள்ளைநோயோ பஞ்சமோ வந்தால் உதவி, அப்புறம் ஒரு மருந்துப் பெட்டி.

இந்த மருந்துப் பெட்டியில் கொஞ்சம் நின்று நிதானியுங்கள். பூர்வகுடிகளை மேற்பார்க்கும் ஒவ்வொரு அரசு ஏஜென்ட் வீட்டிலும் ஒரு மருந்துப் பெட்டி வைக்கப்படும், அவ்வளவுதான் வாசகம். 1935-இல் மிஸ்டவாசிஸ் என்ற க்ரீ சமூகத்து மக்கள் தொடுத்த வழக்கில் நீதிமன்றம், மருந்துகளை இலவசமாகத் தருவது என்றே அதற்குப் பொருள் சொன்னது. 1966-இல் சஸ்காட்சுவான் மேல்முறையீட்டு நீதிமன்றம், எழுத்தில் இருப்பது ஏஜென்ட் வீட்டில் ஒரு பெட்டி, அதற்கு மேல் எதுவும் இல்லை என்றது. ஒரே வரிதான். செலவை யார் ஏற்பது என்ற இந்த இழுபறி தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க, ட்ரீட்டி 5 நிலமான நார்வே ஹவுஸின் க்ரீ சிறுவன் ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் கதையைப் படியுங்கள். வீட்டுப் பராமரிப்புக்கு மத்திய அரசு தருவதா மாகாணம் தருவதா என்று சண்டை போட்டே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. பையன் 2005-இல், ஐந்து வயதில், வீட்டைப் பார்க்காமலே ஆஸ்பத்திரியில் இறந்தான். முதலில் சிகிச்சை, பிறகு பில் என்னும் ‘ஜோர்டன் கொள்கை’ 2007-இல் நாடாளுமன்றத்தில் தீர்மானமானது.

அடுத்து பள்ளிக்கூட வரி. ரிசர்வுக்குள், அதாவது பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலத்துக்குள், அம்மக்கள் விரும்பும்போது பள்ளி நடத்தப்படும் என்று இருக்கும். அதைப் படித்த கையோடு நடந்ததைப் பாருங்கள். 1883-இல் பேட்டில்ஃபோர்டில் உறைவிடத் தொழிற்பள்ளி திறந்தது, பிள்ளைகள் வீட்டை விட்டுப் போனார்கள். அரசின் மருத்துவ அதிகாரி டாக்டர் பீட்டர் பிரைஸ் 1907-இல் புல்வெளி மாகாணங்களில் 35 பள்ளிகளைச் சுற்றிவந்து அறிக்கை கொடுத்தார். கணக்குக் காட்டிய பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளில் 24 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் காசநோய். வழக்குப் போடலாமே என்று தோன்றும். 1927 முதல் 1951 வரை, நில உரிமை வழக்குக்காக வக்கீல் வைக்கப் பணம் திரட்டுவதே அவர்களுக்குக் குற்றம்.

இங்கேயே மூடிவைத்துவிடாதீர்கள், ப்ளூ குவில்ஸ் வரை வாருங்கள். 1970 கோடையில் ஆல்பர்ட்டாவில் பெற்றோர்கள் அந்த உறைவிடப் பள்ளிக்குள்ளேயே உட்கார்ந்து போராடி நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு வாங்கினார்கள். இன்று அது பல்கலைக்கழகம்.

படித்த பிறகு ஒரு நாள் சஸ்காட்டூன் பக்கத்தில் இருக்கும் வானஸ்கேவின் பாரம்பரியப் பூங்காவுக்குப் போய்வாருங்கள். பல தலைமுறைக்குப் பிறகு காட்டெருமைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், அவை புழுதியில் புரண்ட இடத்தில் 2020-இல் பழைய செதுக்குக் கற்கள் வெளியே வந்தன. மூத்தவர் யாரிடமாவது ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், க்ரீ வழக்கப்படி முதலில் கொஞ்சம் புகையிலையை முன்னே வைத்துவிட்டுக் கேளுங்கள். எடுத்துக்கொண்டால் சம்மதம். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்ட நமக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி அனுபவத்தை மட்டும் நீங்களாகக் கிளறாதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

கோடையில் ஏதாவது ரிசர்விலோ நகரத்திலோ ‘ட்ரீட்டி டே’ நடந்தால், வெளியாட்களை அனுமதிக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். அரசு ஊழியர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் பக்கத்தில் சிவப்புச் சீருடையில் ஒரு போலீஸ்காரர் நிற்பார், பெயரைச் சரிபார்த்து ஆளுக்கு ஒரு ஐந்து டாலர் நோட்டு எண்ணிக் கொடுப்பார்கள். 1876-இல் பேசிய அதே ஐந்து டாலர்.