டிரெய்லர் மாட்டினால் பின்பக்கம் உட்காருகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பத்தில் வீடு, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் என்று இருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறைய. மருந்தடிக்கிற டிரம், மோட்டார், உர மூட்டை எல்லாம் கம்பம்மெட்டு மலைப்பாதையில்தான் ஏற வேண்டும். அதற்காக எஸ்யூவிக்குப் பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர் மாட்டி ஓட்டுகிறேன்.

ஒருநாள் இருட்டிய பிறகு ஏறும்போது எதிரே வந்த ஜீப்புகள் எல்லாம் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டன. நான் டிம்மில்தான் வந்தேன். வளைவுகளில் ஸ்டியரிங் வழக்கத்தைவிட லேசாக இருந்தது. மேலே போய் இறங்கிப் பார்த்தால், வண்டியின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது.

மறுநாளே ஒரு பட்டறைக்குப் போனேன். ஷாக் அப்சார்பரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பின்பக்கம் உட்காருவது குறையவே இல்லை. குறையவும் குறையாது. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. பலரும் பணத்தை விடுகிற இடம் இது.

இதைவிடப் பெரிய தவறு, கொக்கியில் எவ்வளவு எடை விழுகிறது என்று பார்க்காமலே மாட்டி ஓட்டுவது. கொக்கி பின் அச்சுக்கு மேலே இல்லை, அதற்கும் பின்னால் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 2.75 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொக்கியில் 100 கிலோ விழுந்தால் பின் அச்சுக்கு ஏறுவது சுமார் 144 கிலோ. அதிகமான அந்த 44 கிலோ முன்சக்கரங்களிலிருந்து கழன்று வந்தது. ஸ்டியரிங் லேசாவதும், முன் பிரேக்கின் பிடி குறைவதும், டிம் லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

கொக்கி எடையைப் பார்ப்பது சுலபம். ஏலக்காய் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு போதும். சமதரையில் டிரெய்லரில் முழுப் பாரத்தையும் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கழற்றிய டிரெய்லரின் மூக்கைத் தராசின்மேல் கட்டை வைத்து நிறுத்துங்கள். மூக்கு, கொக்கியில் மாட்டும்போது இருக்கிற அதே உயரத்தில் இருக்க வேண்டும். என்னுடையது 150 கிலோ காட்டியது. டிரெய்லரும் சரக்கும் சேர்ந்தே 700 கிலோதான்! 200 லிட்டர் டிரம்மை நிரப்பி மூக்கோரம் வைத்திருந்தேன். போதாததற்கு டிக்கியில் மூன்று யூரியா மூட்டை, 135 கிலோ.

டிரம்மை ஒரு மீட்டர் பின்னால் தள்ளினேன். கொக்கிக்கும் டிரெய்லர் அச்சுக்கும் 2.5 மீட்டர் என்பதால் அந்த ஒரு மாற்றத்திலேயே 80 கிலோ குறைந்தது. யூரியாவை டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் மாற்றினேன். மொத்தம் 835 கிலோவுக்குக் கொக்கியில் 85 கிலோ, பத்தில் ஒரு பங்கு. பின் மட்கார்டு விளிம்பிலிருந்து தரை வரை டேப் பிடித்தேன்: வெறும் வண்டி 84 செ.மீ., பழைய ஏற்றத்தில் 78, இப்போது 82. ஒரு ரூபாய் செலவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள். கொக்கி எடை மிகவும் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும், இறக்கத்தில் வண்டியையே இழுத்துத் திருப்பிவிடும். பின்பக்கம் உட்காருவதைவிட அது ஆபத்து. வண்டியின் கையேட்டில் இழுவை எடைக்கும் கொக்கி எடைக்கும் வரம்பு போட்டிருந்தால் அதைத் தாண்டவே கூடாது.

பாரத்தைச் சரியாக அடுக்கிய பிறகும் உட்கார்ந்தால், அப்போது ஸ்பிரிங் பக்கம் வரலாம். பொலேரோ போலக் கமான் பட்டை (அடுக்கடுக்கான பட்டை ஸ்பிரிங்) உள்ள வண்டிக்குக் கூடுதல் பட்டை, சுருள் ஸ்பிரிங் வண்டிக்கு உள்ளே வைக்கிற காற்றுப்பை. சுருளுக்கு நடுவில் ரப்பர் கட்டை திணிப்பது எனக்குப் பிடிக்காது. ஸ்பிரிங் அசைய இடமில்லாமல் பள்ளத்தில் தூக்கிப் போடும். காற்றுப்பையிலும் ஒன்றை மறக்க வேண்டாம்: பின்பக்கம் உயர்ந்து வண்டி மட்டமாகத் தெரிந்தாலும், முன்சக்கரம் இழந்த எடை திரும்பி வராது. வரம்பு மீறிய பாரத்தைப் பார்வைக்கு மறைக்கத்தான் அது உதவும்.

டயர் காற்றை வெறும் வண்டிக்கான அளவிலேயே விடுவதும் சகஜம். டிரைவர் கதவோரச் ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கான அளவு தனியாக இருக்கும், அதை வையுங்கள். டேஷ்போர்டில் லைட்டை இறக்குகிற திருகு இருந்தால் அதையும் இறக்குங்கள்.

அப்புறம் டிரம். அரை டிரம் தண்ணீரோடு ஏறாதீர்கள். ஏற்றத்தில் தண்ணீர் பின்னால் ஓடும், பிரேக் போட்டால் முன்னால் பாயும். தராசில் பார்த்த கணக்கு ஒவ்வொரு வளைவிலும் மாறிக்கொண்டே இருக்கும். நிரப்பி மூடுங்கள், இல்லை காலியாகக் கொண்டுபோய்த் தோட்டத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்.