கிளைக்குழாய் பிளாக்குக்கு ஸ்டென்ட்டா, மருந்து பலூனா? ஆஞ்சியோ ரிப்போர்ட்டை வச்சு டாக்டர்கிட்ட பேசுறது எப்படி

ஆஞ்சியோ முடிஞ்சதும் டாக்டர் படத்தை ஓட்டிக் காட்டி, "பிளாக் சரியா கிளை பிரியிற எடத்துல இருக்கு, மெயின்ல ஒரு ஸ்டென்ட் வச்சுட்டு கிளைக்கு மருந்து பலூன் போட்டுடலாம்"னு சொல்வாரு, வெளிய நிக்கிற குடும்பத்துக்கு பாதி புரியும் பாதி புரியாது, ஆனா கையெழுத்து உடனே கேப்பாங்க. ஹார்ட் அட்டாக்கோட வந்திருந்தா யோசிக்கவே வேணாம், கையெழுத்த போடுங்க, அங்க ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துட்டு இருக்கும். ஆனா நடந்தா நெஞ்சு வலிக்குது, டிரெட்மில்ல மாறுதல் இருந்துச்சு, அதனால ஆஞ்சியோ பண்ணோம்ங்கிற மாதிரி கேஸ்னா கேள்வி கேக்க நேரம் இருக்கு. அதுக்குத்தான் இத எழுதுறேன். ஸ்டென்ட்னா குழாய்க்குள்ள விரிச்சு அத திறந்தே வைக்கிற சின்ன உலோக வலை, மருந்து பலூன்னா என்னன்னு கீழ சொல்றேன்.

முதல்ல ரிப்போர்ட்ட பாருங்க. எல்.ஏ.டி, டயகனல்னு சேத்து எழுதியிருந்தா இதயத்தோட முன்பக்கக் குழாயும் அதோட கிளையும். எல்.சி.எக்ஸ், ஓ.எம்-னா பக்கவாட்டுக் குழாயும் அதோட கிளையும். இந்த மாதிரி கவட்டை எடத்து பிளாக்குக்கு பைஃபர்கேஷன்னு பேரு, பண்ற ஆஞ்சியோபிளாஸ்டில (பலூன், ஸ்டென்ட் வச்சு அடைப்ப திறக்கிறது) நூத்துக்கு 15-20 இதுதான், அதனால நமக்கு மட்டும் என்னமோ அபூர்வமா வந்துடுச்சுன்னு பயப்பட வேணாம். பக்கத்துலயே மெடினா 1,1,1 இல்ல 1,1,0 அப்படின்னு மூணு நம்பர் இருக்கலாம். முதல் நம்பர் கிளை பிரியிறதுக்கு முன்னாடி இருக்கிற மெயின் குழாய், ரெண்டாவது பிரிஞ்சதுக்கு அப்புறம் போற மெயின் குழாய், மூணாவது கிளை. பாதிக்கு மேல அடைப்பு இருந்தா 1, இல்லன்னா 0. ஆக 1,1,0-ன்னா கிளை வாய் சுத்தமா இருக்குன்னு அர்த்தம், அங்க கிளைக்கு தனியா ஸ்டென்ட் பேச்சே முதல்ல வரக்கூடாது. 1,1,1 இல்ல 0,1,1-ன்னா கிளையும் சேந்து மாட்டியிருக்கு.

அடுத்து கேக்க வேண்டியது கிளையோட சைஸ். 2 மில்லிமீட்டருக்கும் கம்மியான, சின்ன எடத்துக்கு மட்டும் ரத்தம் கொடுக்கிற கிளைன்னா பெரும்பாலும் அத அப்படியே விட்டுடுறதுதான் நல்லது. 2.5 மில்லிமீட்டர், நீளமா ஓடுற கிளைன்னா காப்பாத்தியே ஆகணும்.

இன்னொரு விஷயம், இது நெறைய பேருக்கு தெரியிறதில்ல. படத்துல கிளை வாய் 80 சதவீதம் சுருங்கித் தெரிஞ்சாலும் ரத்த ஓட்டம் உண்மையிலேயே குறையுதான்னு படத்தை வச்சு சொல்ல முடியாது. எஃப்.எஃப்.ஆர்-னு பிரஷர் சென்சார் வச்ச மெல்லிசு வயர உள்ள விட்டு, அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரஷர் முன்பக்கத்துல இருக்கிறதுல எத்தனை பங்குன்னு அளப்பாங்க, 0.80 இல்ல அதுக்குக் கீழ வந்தாத்தான் பிரச்சனை. 2005-ல கொரியாவுல, மெயின்ல ஸ்டென்ட் வச்சதுக்கப்புறம் கிளை வாய்கள இப்படி அளந்து பாத்தாங்க, படத்துல 75 சதவீதத்துக்கு மேல அடைப்பு தெரிஞ்ச 73 கிளைல 20-லதான் ஓட்டம் நெஜமாவே குறைஞ்சிருந்துச்சு. மத்த கிளைங்களுக்கு கண்ணால பாத்துட்டு ரெண்டாவது ஸ்டென்ட் வச்சிருந்தா அவ்வளவு இரும்பும் தேவையில்லாம உள்ள போயிருக்கும். அதனால "கிளைய அளந்து பாத்தீங்களா"ன்னு தயங்காம கேளுங்க.

இப்ப கேத் லேப், அதாவது ஆஞ்சியோ பண்ற ரூம் உள்ள என்ன நடக்கும்னு பாப்போம். வழக்கமான முறைக்கு ப்ரொவிஷனல்னு சொல்வாங்க, முதல்ல மெயினுக்கு மட்டும் ஸ்டென்ட், தேவைப்பட்டாத்தான் கிளைக்கு. மணிக்கட்டு வழியா சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன் குழாய விட்டு, மெயினுக்கு ஒரு வயர், கிளைக்கு ஒரு வயர்னு ரெண்டும் போடுவாங்க. மெயின்ல ஸ்டென்ட் விரிக்கும்போது கொழுப்பும், ரெண்டு குழாயும் பிரியிற மூக்கும் கிளைப் பக்கமா தள்ளிட்டு வாய் அடைஞ்சுபோக வாய்ப்பு இருக்கு, அப்ப கிளைய தேடிக் கண்டுபிடிக்க அந்த வயர்தான் வழி. ஸ்டென்ட் சைஸ்லதான் பெரிய சூட்சுமம். பிரிஞ்ச ரெண்டு குழாயோட விட்டத்தையும் கூட்டி 0.678-ஆல பெருக்குனா பிரியிறதுக்கு முன்னாடி இருக்கிற குழாயோட விட்டம் கிட்டத்தட்ட வரும். கீழ 3 மில்லிமீட்டர், கிளை 2.5-ன்னா மேல 3.7. கீழ்ப்பக்கத்துக்கு ஏத்த 3 மில்லிமீட்டர் ஸ்டென்ட்ட வச்சா மேல்பக்கம் குழாய்ச் சுவர்ல ஒட்டாம தொளதொளன்னு நிக்கும், அங்க ரத்தம் உறையும். அதனால கட்டையான பெரிய பலூன ஒண்ண மேல்பக்கம் மட்டும் ஊதி ஸ்டென்ட்ட சுவரோட ஒட்ட வைக்கிறாங்க, இதுக்கு பாட்னு பேரு, ஒரு நிமிஷ வேலைதான் ஆனா இத பண்ணாம விடவே கூடாது. அதுக்கப்புறமும் கிளைல ஓட்டம் சரியில்லன்னா ஸ்டென்ட் வலைக்கண் வழியா வயர விட்டு கிளை வாய பலூனால திறப்பாங்க.

மருந்து பலூன் வர்றது இங்கதான். பலூன் மேல குழாய் மறுபடி சுருங்காம தடுக்கிற பாக்லிடாக்செல் இல்ல சிரோலிமஸ் மருந்து தடவியிருக்கும், ஊதும்போது மருந்து சுவர்ல ஒட்டிக்கும், பலூன் வெளிய வந்துடும், இரும்பு எதுவும் உள்ள தங்காது. பாக்லிடாக்செல் கேன்சர் மருந்தாச்சேன்னு பயப்படுறவங்க இருக்காங்க. சதுர மில்லிமீட்டருக்கு 3 மைக்ரோகிராம்னு தடவுன 2.5-க்கு 20 மில்லிமீட்டர் பலூன்ல மொத்தமா அரை மில்லிகிராம்கூட வராது, கேன்சருக்கு ஒரு தடவை ஏத்துறது நூறு மில்லிகிராம் கணக்குல.

ஆனா இந்த பலூன் அடைப்ப திறக்கிற பலூன் இல்ல, மருந்து கொண்டுபோற பலூன், இத நல்லா மனசுல வச்சுக்கோங்க. முதல்ல சாதா பலூனோ கத்தி வச்ச பலூனோ போட்டு கிளை வாய திறந்து, மிச்ச அடைப்பு 30 சதவீதத்துக்குள்ள இருக்கணும், ஓட்டம் முழுசா இருக்கணும், சுவர்ல ஓட்டத்தை தடுக்கிற கிழிசல் இருக்கக்கூடாது. இதெல்லாம் சரியா வந்தாத்தான் மருந்து பலூன் கவரையே பிரிப்பாங்க. பிரிச்சா மருந்து தடவுன பாகத்துல யாரும் கை வைக்க மாட்டாங்க, சலைன்ல நனைக்க மாட்டாங்க, உள்ள விட்டா தயங்காம எடத்துக்கு கொண்டு போயிடணும், போற வழியிலயே ரத்தத்துல மருந்து கழுவிட்டுப் போகும். அப்புறம் 30-லேர்ந்து 60 செகண்ட் ஊதி வைப்பாங்க. அந்த நேரம் கிளைக்கு ரத்தம் நிக்கிறதால நோயாளிக்கு நெஞ்ச யாரோ அழுத்துற மாதிரி இருக்கும், ஈ.சி.ஜி கோடும் மாறும், பலூன சுருக்குனதும் ரெண்டும் பழைய நிலைக்கு வந்துடும். இத முன்னாடியே அவங்ககிட்ட சொல்லி வைங்க, தெரியாம படுத்திருந்தா பாவம் செத்துடுவோம்னு நெனச்சுடுறாங்க.

இதுக்கு ஆதாரம் இருக்கான்னா, இருக்கு. 784 பேர வச்சு பண்ண டி.சி.பி-பைஃப் ஆராய்ச்சி 2024-ல வந்துச்சு. மெயின்ல ஸ்டென்ட் வச்சு கிளை வாய் சுருங்குனவங்கள்ல மருந்து பலூன் போட்ட பக்கம் ஒரு வருஷத்துல இதயச் சாவு, ஹார்ட் அட்டாக், மறுபடி அடைப்பு திறக்கிறதுன்னு எல்லாம் சேத்து 7.2 சதவீதம், சாதா பலூன் பக்கம் 12.5. அதுக்காக எல்லா எடத்துலயும் ஸ்டென்ட்ட தூக்கிப் போட்டுட்டு பலூன் மட்டும் போதும்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க. அதே 2024-ல சீனாவுல 2,272 பேர ரெண்டா பிரிச்சு, ஒரு பக்கத்துக்கு ஸ்டென்ட்டே இல்லாம மருந்து பலூன் மட்டும், இன்னொரு பக்கத்துக்கு ஸ்டென்ட்னு போட்டுப் பாத்தாங்க, ரெண்டு வருஷத்துல பலூன் பக்கம் பிரச்சனை 6.4 சதவீதம், ஸ்டென்ட் வச்சவங்களுக்கு 3.4-தான். என் கருத்து, பெரிய மெயின் குழாய்க்கு ஸ்டென்ட், கிளை வாய்க்கு மருந்து பலூன், இந்த கூட்டணிதான் இப்போதைக்கு நம்பகமானது.

ரெண்டு ஸ்டென்ட் தேவைப்படுற கேசும் உண்டு. லெஃப்ட் மெயின், அதாவது இடது பக்கத்தோட தாய்க்குழாய், பிரியிற எடத்துல ரெண்டு கிளையும் பெருசு, கிளைக்குள்ள அடைப்பு நீளமா போகுது, இல்ல பலூன் போட்டதும் கிளை கிழிஞ்சு ஓட்டம் குறையுதுன்னா ரெண்டாவது ஸ்டென்ட்ட வேணாம்னு அடம் பிடிக்காதீங்க. டி.கே க்ரஷ்ங்கிற ரெண்டு ஸ்டென்ட் முறை லெஃப்ட் மெயின்ல நல்லா வேலை செய்யுதுன்னு 2017 ஆராய்ச்சில தெரிஞ்சுது, ஆனா ஸ்டெப் அதிகம், அத அடிக்கடி பண்ற கை வேணும். அதனால "நீங்க இத வழக்கமா பண்றதுண்டா டாக்டர்?"னு மரியாதையா கேக்கலாம், நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. குழாய்க்குள்ளேர்ந்தே ஒளியால படம் எடுக்கிற ஓ.சி.டி இல்ல ஒலி அலையால (அல்ட்ராசவுண்ட்) படம் எடுக்கிற ஐவஸ் இருக்கான்னும் கேளுங்க. ஆக்டோபர்ங்கிற 2023 ஆராய்ச்சில சிக்கலான கிளை பிளாக்குகளுக்கு ஓ.சி.டி பாத்து பண்ணதுல ரெண்டு வருஷத்துல பிரச்சனை 10.1 சதவீதம், வெறும் ஆஞ்சியோ படத்தை மட்டும் பாத்து பண்ணதுல 14.1.

பில் விஷயம். இந்தியாவுல 2017 பிப்ரவரிலேர்ந்து ஸ்டென்ட்டுக்கு அரசு உச்சவரம்பு விலை வச்சிருக்கு, அப்ப மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்னு ஆரம்பிச்சு அப்புறம் ஏறியிருக்கு. மருந்து பலூன், ஓ.சி.டி எல்லாம் தனி லைன்ல வரும். இன்சூரன்ஸோ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமோ எதுக்கெல்லாம் கொடுக்கும்னு உள்ள போறதுக்கு முன்னாடியே எழுதி வாங்கிடுங்க.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை. மெயின்ல ஸ்டென்ட் இருக்குன்னா ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினோட க்ளோபிடோக்ரெல் மாதிரி இன்னொண்ணும் சேத்து பொதுவா 6 மாசம், ஹார்ட் அட்டாக்கோட வந்தவங்களுக்கு 12 மாசம். ஸ்டென்ட்டே இல்லாம மருந்து பலூன் மட்டும்னா, அட்டாக் இல்லாதவங்களுக்கு ஒரு மாசத்துலயே ரெண்டாவது மாத்திரைய நிறுத்த முடியும், ரத்தக்கசிவு பயம் இருக்கிற வயசானவங்களுக்கு இது பெரிய நிம்மதி. எவ்வளவு நாள்ங்கிறத டாக்டர்கிட்ட டிஸ்சார்ஜ் சம்மரிலயே தேதி போட்டு எழுத வைங்க. பல் புடுங்கணும், கண்ணு ஆபரேஷன்னு வேற டாக்டர் நிறுத்தச் சொன்னா ஹார்ட் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நிறுத்தவே நிறுத்தாதீங்க. ஆரம்ப மாசங்கள்ல திடீர்னு மாத்திரைய விட்டுட்டு ஸ்டென்ட் உள்ள ரத்தம் உறைஞ்சு வர்றவங்கள பாக்கும்போது மனசு கஷ்டமா இருக்கு.

நாலஞ்சு மாசம் கழிச்சு பழைய மாதிரியே படி ஏறுனா நெஞ்சு இறுக்குதுன்னா கிளை வாய் மறுபடி சுருங்கியிருக்கலாம், கேஸ் ட்ரபிள்னு ஜெலுசில் குடிச்சுட்டு உக்காராம போய் காட்டுங்க. ஓய்வா இருக்கும்போதே வலி வந்து வேர்த்துக் கொட்டுனா நேரா 108.