தச்சு வேலை பழகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெட்டு கோணலாக வந்தால் கையைத்தான் நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் குற்றம் உளியின் முனையிலோ பலகையின் ஈரத்திலோ இருக்கிறது.

புது உளி வாங்கும்போதே கூராக இருக்கும் என்று நம்பாதீர்கள். முதலில் அதன் தட்டைப் பக்கத்தை, முனையை ஒட்டி 2 செ.மீ. அளவுக்கு, 1000 எண் சாணைக்கல்லில் சமமாகத் தேய்க்க வேண்டும். பிறகு சரிவை 25 பாகையிலும், வெட்டும் விளிம்பை மட்டும் 30 பாகையிலும் தீட்டுங்கள். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் தேவைப்படும். வழுக்கினால் கையைக் கிழிப்பதும் அதுதான்.

அறுக்கும்போது கோட்டின் மேலேயே ரம்பத்தை ஓட்டுவது இன்னொரு தவறு. ரம்பம் போகும் தடத்தில் 1 முதல் 2 மி.மீ. மரம் தூளாகிவிடும். கழிக்கும் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, கோடு தப்பும்படி அந்தப் பக்கமாகவே அறுக்க வேண்டும். மேசையின் நான்கு கால்களையும் தனித்தனியாக அளக்கவும் வேண்டாம். ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, மூலைமட்டத்தால் ஒரே கோடாக இழுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, மரம் அசையாது என்று நினைப்பது. அறுத்துக் காய்ந்த பிறகும் அது காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, அகலவாக்கில்தான் அதிகம். 60 செ.மீ. அகல மேசைப்பலகை பருவத்துக்குப் பருவம் சில மில்லிமீட்டர் மாறக்கூடும். அதைக் கீழே தாங்கும் சட்டத்தோடு பசை போட்டு இறுக்கினால் பலகை வெடிக்கும், அல்லது சட்டம் பிளக்கும். 5 மி.மீ. திருகாணிக்குச் சட்டத்தில், பலகையின் அகலவாக்கில் நீண்ட 10 மி.மீ. துளை இடுங்கள், திருகாணி நகர இடம் கிடைக்கும். வாங்கிய பலகையை உடனே இழைக்காமல், இடையில் சிறு கட்டைகள் வைத்து அடுக்கி, வேலை செய்யும் அறையிலேயே இரண்டு வாரமாவது காற்றாட விடுவது நல்லது.

பலகையின் முனை முகத்தில், அதாவது நார் குறுக்காக வெட்டுப்பட்ட பக்கத்தில், பசை நிற்காது, நார்க் குழாய்கள் உறிஞ்சிவிடும். அங்கே கழுந்தும் (கட்டையின் முனையில் செதுக்கும் நாக்கு) அது நுழையும் துளையும் போட வேண்டும். கழுந்தின் கனம் சட்டக் கட்டையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. பசையிட்டு கிளாம்பை முறுக்கியதும் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வேறுபட்டால் பசை இறுகும் முன்பே நீளமான மூலைவிட்டத்தின் பக்கம் அழுத்தித் திருத்திவிடலாம்.

உப்புத்தாளில் எண் கூடக் கூடத் தாள் நயமாகும்; 80, 120, 180 என்று படிப்படியாகப் போங்கள். 80-இன் கீறலை 180 அழிக்காது.

ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது எழும் வெப்பம் சுருட்டலுக்குள் தேங்கி, துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடலாம்.