பாட்டியின் தோட்ட வீட்டைத் தாளில் எழுப்புவது எப்படி

பாட்டியைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலர் ‘அன்பே உருவானவர்’ என்று தொடங்கி, அடுத்த வரிக்கு வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். அன்பான பாட்டி எல்லோருக்கும் உண்டு. கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இடது கையால் தட்டிவிட்டு, முழங்காலால் கதவைத் தள்ளுகிற பாட்டி யாரோ ஒருவருக்குத்தான் இருப்பார். என் அம்மாச்சி அப்படித்தான் திறப்பார். வலது கையில் எப்போதும் ஏதாவது பாத்திரம் இருக்கும். ஆகவே நான் சொல்வது இதுதான்: பாட்டியை நேரே எழுத முயலாதீர்கள். அவர் புழங்கிய வீட்டையும் தோட்டத்தையும் அளந்து வரையுங்கள். கதவை வரைந்தால் அதைத் திறக்க அவர் வந்துதான் ஆக வேண்டும்.

நான் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். எதைச் சொன்னாலும் அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்யட்டும். இந்த யோசனை என்னுடைய சொந்தச் சரக்கும் அல்ல. கிரேக்கக் கவிஞர் சிமோனிடிஸைப் பற்றி ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. விருந்து மண்டபத்தின் கூரை இடிந்து, உள்ளே இருந்தவர்கள் அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போனார்கள். சற்று முன்புதான் வெளியே வந்திருந்த சிமோனிடிஸ், யார் எங்கே அமர்ந்திருந்தார்கள் என்பதை வைத்தே ஒவ்வொருவரையும் அடையாளம் காட்டினாராம். இன்றும் நினைவாற்றல் போட்டிக்குப் போகிறவர்கள் மனத்துக்குள் ஒரு வீட்டில் அறை அறையாக நடந்தபடிதான் சீட்டுக்கட்டின் வரிசையை நினைவில் வைக்கிறார்கள்.

வீடு இன்னும் நிற்கிறதென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். அளவு நாடா, கட்டம் போட்ட தாள், 2பி பென்சில், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க அதிகம் பேசாத ஓர் ஆள், இவ்வளவு போதும். ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர்களை அளந்த பிறகு, மூலைக்கு மூலை குறுக்காகவும் இரண்டு அளவு எடுங்கள். பழைய வீடுகளில் மூலைகள் செங்கோணமாக இருப்பது அரிது. சுவர்களின் நீளம் மட்டும் தெரிந்தால் அறை எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்பது தெரியாது. குறுக்களவு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வீட்டை 1:50 அளவில் வரையலாம். தரையில் 1 மீட்டர் தாளில் 2 செ.மீ. ஆகும். தோட்டத்துக்கு 1:500 வசதி; 100 மீட்டர் வரப்பு 20 செ.மீ.க்குள் அடங்கிவிடும்.

பொறியாளர்கள் அளக்காத சிலவற்றையும் நீங்கள் அளக்க வேண்டும். வாசற்படியில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளத்தின் ஆழம், தூணில் தலை சாய்த்துச் சாய்த்து ஏறிய எண்ணெய்க் கறை தரையிலிருந்து எவ்வளவு உயரம், அடுப்புக்கு மேலே புகைக்கரி எதுவரை படிந்திருக்கிறது, எந்த ஆணி எவ்வளவு உயரத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது. ஆணிகளை விட்டுவிடாதீர்கள். பாட்டியின் கை எட்டிய உயரம் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீடு இப்போது இல்லை. இல்லாத வீட்டை வரைவதுதான் உண்மையில் சுவாரசியமான வேலை. நாடாவுக்குப் பதிலாக ஆட்களை வைத்து அளக்க வேண்டும். அம்மாச்சியின் அடுப்படி வாசலில் மாமா தலையைக் குனிந்துதான் நுழைவார். பெரியம்மா குனிந்ததே இல்லை. மாமாவின் உயரம் 170 செ.மீ., பெரியம்மாவின் உயரம் 155. நிலையின் உயரம் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருந்திருக்க வேண்டும். நடு அறையில் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும் என்று அம்மா சொன்னபோது அந்த அறையின் அகலம் கிடைத்துவிட்டது. கட்டில் இன்னும் மாமா வீட்டில் இருக்கிறதே! ‘கிணறு எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் ‘கொஞ்ச தூரம்தான்’ என்பார்கள். ‘கிணற்றிலிருந்து அடுப்படி வருவதற்குள் குடத்தை எந்த இடத்தில் இடுப்பு மாற்றுவீர்கள்?’ என்று கேளுங்கள். அம்மா யோசிக்கவே இல்லை, ‘தொழுவத்து மூலையில்’ என்றார். தொழுவத்துக்கு மூலை இருந்ததும், பாதை அதை ஒட்டி வளைந்ததும், பாதி வழி அதுதான் என்பதும் அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டன.

ஒரு கண்டிப்பு. உடன்பிறந்தவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள், முதல் முறை மட்டுமாவது. ஒருவர் சொல்வதைக் கேட்டதும் மற்றவருடைய நினைவு அதன் பக்கம் சாய்ந்துவிடும். பொய் சொல்லவில்லை, தாமே கண்டதாகவே நம்பத் தொடங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்துத் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. பிறகு அம்மாவுக்கு நீலம், பெரியம்மாவுக்குச் சிவப்பு, மாமாவுக்குப் பச்சை என்று ஒரே தாளில் ஏற்றுங்கள். ஆட்டுக்கல் எங்கே கிடந்தது என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நீலம் ஓரிடத்தில், சிவப்பு வேறிடத்தில் இருக்கிறது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டையும் வரைந்துவிட்டேன். வயது வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தால், நடுவில் யாரோ கல்லை நகர்த்தியிருக்கவும் கூடும்.

பழைய படங்களை எடுத்தால் முன்னால் நிற்கிறவர்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் பாருங்கள். எங்களிடம் உள்ள ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை தோளுக்கு மேலே வைக்கோல் போரும், தொழுவக் கூரையின் ஒரு முனையும் தெரிகின்றன. புகைப்படக்காரர் மறைக்க நினைத்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது. பசை ஒட்டிய பக்கங்கள் கொண்ட ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் பிய்க்காதீர்கள், கிழிந்துவிடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படங்களுக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள், வேண்டும். 300 வைத்தால் அதே அளவில் அச்சிடத்தான் உதவும், தோளுக்கு மேலே தெரிகிற கூரையைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது. படத்தின் பின்புறம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

நிலத்தின் அமைப்புக்கு வேறொரு சாட்சி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அமெரிக்கா 1960 முதல் 1972 வரை ‘கொரோனா’ என்ற உளவு செயற்கைக்கோள்களால் உலகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. 1995இல் அந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களின் ரகசியம் நீக்கப்பட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ‘எர்த் எக்ஸ்ப்ளோரர்’ தளத்தில் தேடலாம். அந்த வரிசையின் பிற்காலப் படங்கள் சிலவற்றில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருளே புள்ளியாகத் தெரியும். பெரிய மரம், கிணறு, வரப்பு, வண்டித்தடம் எல்லாம் பிடிபட வாய்ப்பிருக்கிறது. மேகம் மறைத்திருந்தால் விதி. அண்மைக்கால மாற்றங்களுக்கு ‘கூகுள் எர்த்’தில் பழைய படங்களைத் தேதிவாரியாகத் திருப்பிப் பார்க்கும் வசதி போதும். உளவு பார்க்க எடுத்த படத்தில் அம்மாச்சியின் களத்தைத் தேடுவது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

பாட்டி இருக்கிறார் என்றால் இவை எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவரிடம் போங்கள். ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் ‘என்னத்தைச் சொல்வது’ என்பார், அத்தோடு முடிந்துவிடும். அரைகுறையாக வரைந்த படத்தை அவர் முன்னால் விரியுங்கள். வேண்டுமென்றே ஒரு சன்னலை விட்டுவிடுங்கள். தவறைப் பார்த்தபிறகு எந்தப் பாட்டியும் சும்மா இருக்கமாட்டார். நாற்பதைத் தாண்டியவர்களிடம் நினைவுகளைக் கேட்டால் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவைதான் மிகுதியாக வருகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே அவர் அந்த வீட்டுக்கு வந்த முதல் ஆண்டிலிருந்து தொடங்குங்கள்: முதல் நாள் எங்கே படுத்தீர்கள், விளக்கு எங்கே இருந்தது, எந்த மாடு முட்டும், யாருக்குப் பயந்தீர்கள். மறதி நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாக அண்மை நிகழ்வுகள் முதலில் மறையும், பழையவை அதிக நாள் தங்கும். அவர் ஆண்டையோ பெயரையோ மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். திருத்தினால் வாயை மூடிக்கொள்வார்.

ஒலிப்பதிவுக்குக் கையில் இருக்கும் போன் போதும். அழைப்பு வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, மின்விசிறியை நிறுத்தி, மடித்த துணியின் மேல் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடியாக விழும். செயலியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவம் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கத்தில் தேதியையும் இருப்பவர்களின் பெயர்களையும் சொல்லிவிடுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள்; மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். கேட்க வேண்டியது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். முடிந்ததும் மூன்று நகல்கள் எடுத்து, இரண்டு வகைச் சாதனங்களில் வைத்து, ஒன்றை வேறு ஊரில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சமையலைக் கேட்கிறவர்கள் ‘ஒரு கைப்பிடி’ என்பதை அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். அவர் கையை நீட்டச் சொல்லி, பிடித்ததைத் தராசில் கொட்டுங்கள். ஒவ்வொரு கைப்பிடியும் கொஞ்சம் மாறும். சில தடவை எடுத்துச் சராசரி பாருங்கள்.

மணங்களை எழுதும்போது ‘மண் வாசனை’ என்ற சொல்லுக்குத் தடை போட்டுக்கொள்ளுங்கள். நனைந்த மண்ணில் எழும் அந்த மணத்துக்கு முக்கியக் காரணம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள். அது உங்கள் பாட்டி வீட்டிலும் ஒன்றுதான், என் அம்மாச்சி வீட்டிலும் ஒன்றுதான். ஈரச் சாக்கு, மண்ணெண்ணெய் பட்ட திரி, பரணில் எலி கடித்த காகிதம் என்று எது எந்த மூலையில் மணத்ததோ, அதை அந்த மூலையிலேயே பென்சிலால் குறியுங்கள்.

மரங்களுக்கும் படத்தில் இடம் வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளப்பது வழக்கம். இன்று எழுதிவைத்தால் நாளை யாரோ ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பாட்டி வைத்த மாமரத்தின் கொட்டையைக் கொண்டுபோய் நட்டால் பெரும்பாலும் அதே பழம் கிடைக்காது. அந்த மரத்தின் குச்சியை எடுத்து ஒட்டுக் கட்ட வேண்டும். நிலம் கைமாறியிருந்தால் இப்போதைய உரிமையாளரிடம் முறையாகக் கேளுங்கள். ஒரு குச்சிக்கு மறுப்புச் சொல்கிறவர் அரிது.

கடைசியாக, தாளின் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போடுங்கள். எந்த அலுவலகத்திலும் கட்டம் இல்லாத படத்தை நான் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. வடக்கு எது, அளவு என்ன, எந்த ஆண்டின் வீடு இது, எந்த வண்ணம் யாருடைய நினைவு, வரைந்தவர் யார், தேதி. ஆண்டு மிக முக்கியம். கூரை மாற்றியதற்கு முந்தைய வீடும் பிந்தைய வீடும் ஒரே படத்தில் கலந்தால் இரண்டுமே பொய்யாகிவிடும். வேண்டுமானால் இரண்டு தாள் போடுங்கள். தெரியாத இடத்தை அழகுக்காக நிரப்பாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் அகலமான ஓரம் விடுங்கள். எங்கள் படத்தில் பரணின் கிழக்கு மூலை காலியாக இருக்கிறது. அங்கே ஒரு தகரப் பெட்டி இருந்தது என்று பெரியம்மா சொல்கிறார். பரணுக்குக் கிழக்கு மூலையே கிடையாது என்கிறார் மாமா.