பிக்கப் கேபினில் மேல்கூரை கன்சோல் மாட்டும்போது

கன்சோல் என்பது ஓட்டுநர் தலைக்கு மேலே கூரையில் மாட்டும் பெட்டி. அதன் பாரத்தைக் கேபின் கூரையின் உள் அட்டை தாங்காது. அட்டைக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புப் பட்டிதான் தாங்கும். அட்டையில் மட்டும் திருகினால் மண் ரோட்டுக் குலுக்கலில் கண்டிப்பாகத் தொங்கிவிடும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கேபின் லைட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுத் தடவினால் பட்டி எங்கே என்று தெரியும்.

துளை போடுவதில்தான் முழுக் கவனமும் வேண்டும். வெளிக்கூரைத் தகடு 1 மி.மீ. கூட இருக்காது. டிரில் பிட்டின் நுனியிலிருந்து அட்டையின் தடிமனோடு 5 மி.மீ. சேர்த்து அளந்து, அங்கே இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். டேப் அட்டையைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். திருகாணியும் அதே கணக்குதான், கன்சோல் அடிப்பாகத்தின் தடிமனை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். நீளத் திருகாணி கூரையை உள்ளிருந்து குத்தும். பெயிண்ட் வெடிக்கும், துரு ஏறும், மழைநீர் இறங்கும். அதன்பிறகு டிங்கரிங்தான் வழி.

கன்சோலில் வைக்கும் சின்ன எல்.இ.டி. விளக்குக்குக் கேபின் லைட் வயரிலிருந்தே கரண்ட் எடுக்கலாம். மொபைல் சார்ஜருக்கு அது ஆகாது: ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து 1 சதுர மி.மீ. வயர் தனியாக இழுத்து, ஆரம்பத்திலேயே 5 ஆம்ப் ஃப்யூஸ் போடுங்கள். கண்ணாடியோரத் தூணில் ஏர்பேக் இருந்தால், வயர் அதன் பின்பக்கமாகவே போகட்டும்.