பெல்ட்டை எண்ணாமல் ஒரு ரெஸ்லரை எடைபோடுவது எப்படி?

கோபியிலோ பவானியிலோ நாலு பேர் சேர்ந்து ரெஸ்லிங் பேச ஆரம்பித்தால், பேச்சு ஐந்து நிமிடத்தில் யாருக்கு எத்தனை பெல்ட், அதாவது சாம்பியன் பட்டம், என்பதில் போய் நிற்கும். ஜான் சீனா 17 முறை உலக சாம்பியன், அதனால் அவர்தான் பெரியவர் என்று ஒருத்தர் முடித்துவிடுவார். ரெஸ்லர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடி வளர்ந்த தலைமுறை நாங்கள். அந்தக் கார்டில் ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ் எல்லாம் இருக்கும். ஒருவர் எப்படி விழுவார், அடி வாங்கும்போது கூட்டத்தை எப்படிப் பிடித்து வைப்பார் என்பதற்கு அதில் இடமே கிடையாது. என் அக்கா பையன் “மாமா, அண்டர்டேக்கர் பெருசா, சீனா பெருசா?” என்று கேட்டபோது அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே எழுதுகிறேன். ரா, ஸ்மாக்டவுன் என்ற வாராந்திர நிகழ்ச்சிகளும், ஆட்டத்தை முடிக்கும் அடியான ஃபினிஷரும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

“ஏனுங்க, இதெல்லாம் முன்னமே பேசி வெச்சு அடிக்கறதுதானுங்களே, இதுல என்னத்தைப் பார்க்கறது?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில். அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப்போவது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் உடுக்கடிப் பாட்டில் அந்த இடம் வரும்போது கண் கலங்குகிறது. பாடுகிறவரின் திறமை அங்கேதான் இருக்கிறது. ரிங்கிலும் யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது. அந்த முடிவுக்கு ஒரு ரெஸ்லர் நம்மை எப்படிக் கொண்டுபோகிறார் என்பதைத்தான் எடைபோடப் போகிறோம்.

படி 1: ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று போதும். பெரிய மேடையில் ஆடியது ஒன்று, வாரந்தோறும் வரும் நிகழ்ச்சியில் ஆடிய சாதாரண ஆட்டம் ஒன்று, அவர் தோற்ற ஆட்டம் ஒன்று. சாதாரண ஆட்டத்தில் எதிராளி அவ்வளவாகப் பேர் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டத்திறமைக்குப் பேர்போன ஷான் மைக்கேல்ஸ் எதிரே நின்றால் யாருமே நன்றாகத்தான் தெரிவார்கள். ஹைலைட்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் தாண்டுவதும் தூக்கிப் போடுவதும்தான் இருக்கும், நமக்குத் தேவையானது அந்த வெட்டிலேயே போய்விடும். இந்த ஆட்டங்களை நடத்தும் கம்பெனியான டபிள்யூடபிள்யூஇ தன் யூடியூப் சேனல்களிலேயே பழைய ஆட்டங்கள் பலவற்றை முழுசாகப் போட்டிருக்கிறது.

படி 2: வாழ்க்கைக் கணக்கு

இதற்கு விக்கிப்பீடியாவைவிட எனக்குப் பிடித்தது கேஜ்மேட்ச் தளம். எந்தத் தேதியில், யாரோடு, எந்த நிகழ்ச்சியில் ஆடினார் என்று வரிசையாகக் கிடைக்கும். எக்செல் எல்லாம் திறக்க வேண்டாம், ஒரு நோட்டு போதும்.

முதலில் இடைவெளிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் அது காயம். 1997 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் ஓவன் ஹார்ட் போட்ட பைல்டிரைவரில் (ஆளைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அடி) ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டது. அதற்கு முந்தைய ஆஸ்டினையும் பிந்தைய ஆஸ்டினையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். முன்பு பிடிகளும் நுணுக்கமும் அதிகம். பின்பு குத்து, உதை, ரிங்குக்கு வெளியே அடிதடி என்று ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்தோடுதான் வருடத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 1998இல் பட்டத்தையும் பிடித்தார். உடம்பு கைவிட்ட பிறகு ஒருவர் தன் ஆட்டத்தை எப்படித் திருத்தி அமைத்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெல்ட் கணக்கைக் கடைசியில் எழுதுங்கள். பட்டம் யாரிடம் இருக்க வேண்டும் என்பது கம்பெனி எடுக்கும் முடிவு, அதில் திறமையும் ஒரு காரணம், அவ்வளவுதான். எட்ஜ் காயத்தால் பட்டத்தை விட்டுக்கொடுக்க, 2007 ஜூலையில் கிரேட் காளி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். மிஸ்டர் பெர்ஃபெக்ட், ரேசர் ரமோன், ஓவன் ஹார்ட், ராடி பைப்பர் ஆகிய நால்வருக்கும் டபிள்யூடபிள்யூஎஃப் (டபிள்யூடபிள்யூஇயின் பழைய பெயர்) உலகப் பட்டம் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. இதை வைத்து காளியை அந்த நால்வருக்கும் மேலே வைக்க முடியுமா?

படி 3: அடி வாங்குபவரைப் பாருங்கள்

பலரும் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நம் கண் தானாகவே அடிப்பவர் மேல் போகும். அதை வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டும். ஆட்டத்தை முதலில் ஒருமுறை சும்மா ரசித்துப் பாருங்கள். அப்புறம் சவுண்டை மியூட் செய்துவிட்டு, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அடி வாங்குபவரை மட்டும் பாருங்கள். வலியை நமக்குக் கடத்தும் இந்த வித்தைக்கு செல்லிங் என்று பெயர்.

பழகுவதற்கு 1997 ரெஸில்மேனியா 13, பிரெட் ஹார்ட் – ஸ்டீவ் ஆஸ்டின் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட் ஆஸ்டினின் காலைக் குறிவைக்கிறார். ரிங் கம்பத்தில் காலைச் சுற்றிப் பிடித்து ஃபிகர் ஃபோர் என்ற கால் பூட்டைப் போடுகிறார். அதற்குப் பிறகு ஆஸ்டின் எழும் ஒவ்வொரு தடவையும் எந்தக் காலில் எடையைப் போடுகிறார் என்று கவனியுங்கள். கடைசியில், குப்புறக் கிடப்பவரின் கால்களை மடக்கி முதுகை வளைக்கும் ஷார்ப்ஷூட்டர் பிடியில், ஆஸ்டினின் முகமெல்லாம் ரத்தம். கைகளை ஊன்றி உடம்பை நிமிர்த்துகிறார், பிடி கொஞ்சம் நழுவுகிறது, திரும்பவும் இறுகுகிறது. விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லாமலே மயங்கிப்போகிறார். நடுவர் கென் ஷாம்ராக் ஆட்டத்தை நிறுத்துகிறார். அதற்கப்புறமும் பிரெட் விடாமல் அடிக்க, நல்லவராக வந்தவர் கெட்டவராகப் போகிறார், கெட்டவராக வந்த ஆஸ்டின் யார் கையையும் பிடிக்காமல் நொண்டிக்கொண்டே போகும்போது கூட்டம் அவருக்காக ஆர்ப்பரிக்கிறது. தோற்றவர்தான் அன்றைக்குப் பெரிய ஆளானார். அதைச் செய்து கொடுத்ததில் பிரெட்டுக்கும் பாதிப் பங்கு உண்டு. எதிராளியை உயர்த்திக் காட்டத் தெரிந்தவருக்கு என் கணக்கில் முதலிடம்.

நோட்டில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எந்த உறுப்பில் அடி விழுந்தது? எவ்வளவு நேரம் அந்த வலி அவர் நினைவில் இருந்தது? கால் ஒடிந்தது போல் கிடந்தவர் அடுத்த நிமிடமே கயிற்றின் மேல் ஏறித் தாவினாரா?

மூன்றாம் முறை சவுண்டைத் திறந்துவிட்டுக் கூட்டத்தை மட்டும் கேளுங்கள். எந்த இடத்தில் அடங்குகிறது, எந்த இடத்தில் எழுகிறது என்று காதே சொல்லிவிடும்.

*சேர்த்தது:* தமிழ் வர்ணனையோடு பார்க்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரசிப்பதற்குத் தாராளமாகப் பாருங்கள். எடைபோடும்போது மட்டும் எந்த மொழி வர்ணனையும் வேண்டாம். எது பெரிய அடி என்று அவர்களே சொல்லிவிட்டால் நம் கண்ணுக்கு வேலை இருக்காது.

படி 4: மைக்

மைக்கைப் பிடித்துக் கூட்டத்தின் முன் பேசுவதும் ரெஸ்லரின் வேலைதான். ஆங்கிலம் புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சப்டைட்டில் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை பாருங்கள். எங்கே நிறுத்துகிறார், கூட்டம் கத்தும்போது காத்திருக்கிறாரா, அதன் மேலேயே பேசித் தொலைக்கிறாரா என்பது மொழி தெரியாமலே விளங்கும். பேசாதவர்களையும் இதே கண்ணால் பார்க்கலாம். 1990 சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சியில் செத்து எழுந்தவர் போன்ற வேடத்தில் அறிமுகமான அண்டர்டேக்கர் மெதுவாக நடந்து வருவதும், அடி வாங்கிப் படுத்தவர் திடீரென எழுந்து உட்காருவதுமே அவருக்குப் பேச்சு. 2000இல் பைக் ஓட்டுபவராக மாறி, 2004இல் பழைய வேடத்துக்கே திரும்பினார். ஒரு வேடத்தை எப்போது கழற்றி வைப்பது, எப்போது திரும்ப எடுப்பது என்று தெரிவதும் திறமைதான்.

படி 5: எழுதுங்கள்

நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடாதீர்கள். ரெஸ்லிங் பத்திரிகையாளர் டேவ் மெல்ட்சர் கொடுக்கும் நட்சத்திரங்கள்கூட ஆட்டத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. அடி வாங்குவது, எதிராளியை உயர்த்துவது, கூட்டத்தைப் பிடிப்பது, காலத்துக்கேற்ப மாறுவது என நான்கையும் பற்றி ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஆட்டத்தில் எந்த நிமிடம் என்று குறித்து வையுங்கள். நாளைக்கு யாராவது மறுத்துப் பேசினால் அந்த இடத்தைப் போட்டுக் காட்டலாம்.

*இன்னொன்று சேர்த்தது:* குழந்தைகளோடு உட்கார்ந்து இதைப் பயிற்சி செய்பவர்கள் சிலர், பையன்கள் கட்டிலில் இருந்து விழுந்து பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். ரிங்கின் தளம் இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் துணி. அதிலேயே தாடையை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழுவதற்கு நெடுநாள் பயிற்சி எடுக்கிறார்கள். அப்படியும் ஆஸ்டினுக்குக் கழுத்து போனது. ஆட்டத்தைப் போடுவதற்கு முன்னாலேயே இதைப் பையன்களுக்குச் சொல்லிவிடுங்கள், கட்டில் பக்கம் போகவே விடாதீர்கள்.